மூன்றாம் மாடி, மருதம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நிற்கிற அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது, மாடி இலக்கங்களையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்ப எழுதியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் யோகேஸ்வரி. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை தெரியும்தானே? இந்தக் கட்டடத்தில் அந்த ஓணானுக்கு லிஃப்ட் வசதியும் கிடைத்தது.

யோகேஸ்வரிக்கு ஐம்பத்தேழு வயது. காப்புறுதிக் கந்தோரில் முப்பது வருடம் மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். நகையில் ஆசை இல்லை, சீலையில் ஆசை இல்லை, டிவி நாடகம் பார்க்கிற பழக்கமும் இல்லை. ஒரே பைத்தியம், பழைய அகப்பாட்டு. இடியப்பம் அவிகிற நேரத்துக்குள் ஒரு பாட்டு, பருப்பு வேகிற நேரத்துக்குள் இன்னொன்று. அந்தப் புலவர்கள் உலகத்தை ஐந்து நிலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, மனித நெஞ்சில் ஓர் உணர்ச்சி என்று பங்கு போட்டு வைத்தவர்கள். மலை என்றால் கூடல். காடு என்றால் காத்திருப்பு. வயல் என்றால் ஊடல். கடற்கரை என்றால் இரங்கல். வறண்ட வெளி என்றால் பிரிவு. அங்கே எந்தக் கொக்கும் சும்மா மீன் பிடிக்காது, எந்த எருமையும் சும்மா தாமரையைத் தின்னாது. எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ ஒருத்தியின் மனக்குறை படுத்திருக்கும். அதைத் தோண்டி எடுப்பதில் யோகேஸ்வரிக்கு இருந்த சந்தோஷம் வேறெதிலும் இல்லை. பாட்டில் வருகிற நாற்பது பறவைகளின் பெயர் அவளுக்கு மனப்பாடம். காலையில் பால்கனிக் கம்பியில் வந்திருந்து கத்துவது என்ன பறவை என்று கேட்டால் மட்டும் கண்ணாடியைத் தேடப் போய்விடுவாள்.

ஐந்து நிலம், ஐந்து மாடி. இப்படி ஒரு பொருத்தம் கல்யாணச் சாதகத்தில்கூட வராது. சங்கக் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் கிரிக்கெட் பார்க்க அவசரப்பட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கீழிருந்து மேலாகக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அழகான நீலப் பலகைகள் ஏறின. பெயரை மட்டும் போட்டால் சனங்களுக்கு விளங்காது என்று, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தந்த உணர்ச்சியையும் எழுதுவித்தாள்.

சனங்களுக்கு நன்றாகவே விளங்கியது. முதலாம் மாடியில் 'குறிஞ்சி, கூடல்' என்ற பலகைக்கு நேரே குடியிருந்த எண்பது வயது ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரும் அவர் மனைவியும் லிஃப்டில் ஒன்றாக இறங்குவதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இறங்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான் மற்றவர். நான்காம் மாடிக்குப் பிறந்தநாள் விருந்துக்கு வந்த ஒருவர் 'நெய்தல், இரங்கல்' என்பதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் கீழே இறங்கி, கேக் பெட்டியைக் காவலாளி தங்கையாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளைச் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார். தங்கையா மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். "மலைய ஏங்கம்மா கீழ் மாடியில வச்சிருக்கீங்க? நான் பார்த்த மலையெல்லாம் மேலதான் இருந்துச்சு" என்று கேட்டார். "அது மரபு, தங்கையா" என்றாள் யோகேஸ்வரி. மரபென்று சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்? தங்கையா கேக் சாப்பிடத்தான் வாயைத் திறந்தார்.

வாய் திறந்தவர் ஐந்தாம் மாடிச் சரோஜினிதேவி. 'பாலை, பிரிவு' என்று கதவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு புதன்கிழமை மாலை படியில் செருப்பு அடிபட இறங்கி வந்து, மூன்றாம் மாடியில் யோகேஸ்வரியின் வாசலில் நின்றார்.

"ஏற்கெனவே எங்கட பைப்பில தண்ணி நூல் மாதிரித்தான் வருது. அதுக்குப் போர்டு வேறயோ, யோகேஸ்?"

உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சிவபாதசுந்தரம் தலையை நிமிர்த்தினார். யோகேஸ்வரியின் கணவர். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய் போட்ட பொறியியலாளர், ஒரு பாட்டும் அறியாதவர். "தண்ணி டாங்குக்குக் கிட்ட இருக்கிற மாடிக்குத்தான் பிரஷர் குறைவு. பெயர் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சரோஜினிதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப மூண்டாம் மாடிப் பெயரும் சரியோ? மருதம், ஊடல் எண்டு போட்டிருக்கிறியள். அந்த ஊடல் ஏன் வருகுதெண்டும் எழுதியிருக்கலாமே! புருசன் வேற வீட்டுக்குப் போறதாலதான் வருகுதாம். நான் ஃபோனில எடுத்துப் பாத்தனான்." கடைசி வசனம் நான்காம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் சேர்த்தே கேட்டது.

யோகேஸ்வரி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். மருதத்துத் தலைவனுக்கு இன்னொரு வீடு இருப்பதும், தலைவி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்மைதான். அதைக்கூட இப்போது ஐந்தாம் மாடி படிக்கிறதே என்று அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சிவபாதசுந்தரம் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். இருந்ததே பதினொரு மயிர். ஒவ்வொன்றையும் தனித்தனியே வாரினார்.

"ஒருக்கா நடந்திட்டு வாறன், யோகம்."

புதனும் சனியும் ஐந்து மணிக்கு இப்படி நடக்கப் போகிறவர் ஏழு மணிக்குத்தான் வருவார். ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது. வைத்தியர் நடக்கச் சொன்னால் ஏழு நாளும் நடக்க வேண்டாமா? வந்தவுடன் ஏன் முதல் வேலையாகப் பல் தீட்டுகிறார்? ஏன் ஏலக்காய் மெல்லுகிறார்? யோகேஸ்வரியின் சிரிப்பு முகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது.

சாதாரணப் பெண்ணாக இருந்தால், "எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டிருப்பாள். அகப்பாட்டில் எந்தத் தலைவியும் இப்படி மொட்டையாகக் கேட்டதில்லை. அவள் இயற்கையைப் பார்ப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். யோகேஸ்வரிக்குப் பேய் வரவில்லை, கபரகொய்யா வந்தது.

அடுத்த நாள் காலை மரக்கறி வாங்கப் போனவள் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்றாள். தண்ணீரில் ஊதாப் பூக்கள் மூடிக் கிடந்தன. உடும்புக்கு அண்ணன் மாதிரி ஆறடி நீளக் கபரகொய்யா ஒன்று அந்தப் பூக்களை நெஞ்சால் விலக்கிக்கொண்டு நீந்திப் போய், அக்கரையில் யாரோ எறிந்த கொத்துரொட்டிப் பொதிக்குள் தலையை விட்டது. கோழி எலும்பைக் கடிக்கிற சத்தம் பாலம் வரை கேட்டது. யோகேஸ்வரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மணமுள்ள பூ வீட்டுக்காரி. அதை மிதித்துப் போய் அக்கரையில் தலை நுழைப்பவன் தலைவன். எலும்பு அந்தப் பெண். மெலிந்தவளாக இருப்பாள். யோகேஸ்வரி கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

பாட்டில் தலைவிக்கு ஒரு தோழி இருப்பாள். கட்டடத்தில் கிடைத்தது எதிர் வீட்டு ஷிம்னா. முப்பது வயது, ஒன்லைனில் அபாயா விற்கிறவள், கெட்டிக்காரி. கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஆன்ட்டி, ஒரு கபரகொய்யா எலும்பு தின்டதுக்கா அங்கிளச் சந்தேகப்படுறீங்க? நேரடியாக் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டால் பொய் சொல்லுவார்."

"அப்ப அவர்ட ஃபோனப் பாருங்க."

"ச்சீ, அது பண்பில்லை" என்றாள் யோகேஸ்வரி. "பின்னால போய்ப் பாப்பம்."

சனிக்கிழமை ஐந்தேகால் மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் சிவபாதசுந்தரம் மருதானைப் பக்கம் போகிற கோச்சியில் ஏறினார். அடுத்த பெட்டியில் இரண்டு பெண்களும் ஏறினார்கள். யோகேஸ்வரி ஷிம்னாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்ததால் ஏறும்போது கம்பிக்குப் பதிலாக ஒரு பொலிஸ்காரரின் கையைப் பிடித்தாள். இடப்பக்கம் கடல் கூடவே ஓடி வந்தது. சாயங்கால வெயிலில் தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருந்தது, ஆனால் அதைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? பம்பலப்பிட்டி தாண்டும்போது பாறை மேல் ஒன்றைக் கண்டு ஷிம்னாவின் முழங்கையை இடித்தாள்.

"அங்கை பார். தனிய ஒரு பறவை. துணை இல்லாமல் கடலைப் பாத்துக்கொண்டிருக்கு."

"அது காகம், ஆன்ட்டி. கொழும்பில எங்கயும் காகம் ஈக்கும்."

யோகேஸ்வரி முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டாள். அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனிதன். குழாயில் நீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டே எந்த அறைக் குழாய் என்று சொல்கிற மனிதன். அவர் இல்லாத வீட்டில் காலையில் யாருக்குத் தேத்தண்ணீர் போடுவது? பாட்டில் இந்த இடம் வரும்போது எவ்வளவு இனிமையாக இருக்கும்! கோச்சிக்குள் அது கொஞ்சமும் இனிமையாக இல்லை.

கொம்பனித்தெருவில் அவர் இறங்கினார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற புதுக் கட்டடங்களுக்கு நடுவே, இடிக்காமல் மிச்சம் விட்ட பழைய ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்பினார். நடையில் ஒரு துள்ளல். இந்த மனிதன் கல்யாணத்தன்றுகூட இப்படித் துள்ளி நடந்ததில்லை. பச்சைத் திரை தொங்கிய ஒரு வாசலுக்குள், சொந்த வீட்டுக்குள் போவது போலக் குனிந்து நுழைந்தார். உள்ளே இருந்து, "வாங்க சேர், உங்களுக்காகத்தான் வெச்சீக்கிறன்" என்று ஒரு குரல் கேட்டது. ஆண் குரல். யோகேஸ்வரி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. திரையை இழுத்த வேகத்தில் அது கம்பியோடு கழன்று அவள் தலையில் விழுந்தது.

திரையை விலக்கிப் பார்த்தபோது, உள்ளே நாலு மேசை. மூலை மேசையில் சிவபாதசுந்தரம். அவர் முன்னால் ஒரு பீங்கான் நிறையப் புட்டு, அதற்கு மேல் கரும் மண்ணிறத்தில் ஏதோ கறி. வாய் நிறைய இருந்ததால் அவரால் எழும்பத்தான் முடிந்தது, பேச முடியவில்லை.

"ஆர் அவள்?" என்றாள் யோகேஸ்வரி.

கடைக்கார நபீஸ் கரண்டியோடு முன்னே வந்தார். "இது பாபத், அம்மா. குடல் கறி. எங்கட மலாய்க்கார உம்மாட கைப்பக்குவம். சேர் புதனும் சனியும் தவறமாட்டாரு. நீங்களும் உக்காருங்க."

யோகேஸ்வரி கறியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வேறு பெண் யாரும் இல்லை. அந்தக் கடையில் அவளையும் ஷிம்னாவையும் விட்டால் பெண்ணென்று ஒரு பூனைதான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன், கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் வந்த அன்று, யோகேஸ்வரி வீட்டில் மச்சச் சமையலை அடியோடு நிறுத்தியிருந்தாள். முட்டைகூட வாசல் தாண்டாது.

"எந்த மிருகத்தின்ர குடல்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சிவபாதசுந்தரம் விழுங்கிவிட்டார். "நான் கேக்கேல்ல, யோகம்" என்றார். "அவையளும் சொல்லேல்ல."

ஷிம்னா சிரித்த வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். யோகேஸ்வரிக்கு முதலில் வந்தது நிம்மதி. கண் நிறைந்துவிட்டது. இரண்டாவதாக வந்தது, சொல்ல வெட்கம், ஏமாற்றம். இரண்டாயிரம் வருடத்து இலக்கியத்தில் எந்தத் தலைவியாவது குடலுக்குக் கணவனைப் பறிகொடுத்திருக்கிறாளா? அந்தக் கபரகொய்யா பாவம், தன்னால் முடிந்தளவுக்கு விளக்கமாகவே காட்டியது. எலும்பு எலும்புதான், இறைச்சி இறைச்சிதான். உள்ளர்த்தம் தேடிப் போனது யார் குற்றம்? மூன்றாவதாகத்தான் கோபம் வந்தது, வந்தது சரியான கோபம். ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு தரம், நடக்கப் போகிறேன் என்று கண்ணைப் பார்த்துப் பொய். திரும்பி நடந்தாள்.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து கதவை உள்ளே பூட்டி, கொண்டியையும் போட்டாள். ஐந்து நிமிடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. மணி அடித்தது. அவள் திறக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. கதவுக்கு வெளியே தலைவன். உள்ளே தலைவி. மேலே மருதம் என்று தன் செலவில் எழுதுவித்த பலகை. இது ஊடல். அசல் ஊடல்! யோகேஸ்வரி கோபத்தை விடாமலே, ஒரு கதிரையை இழுத்துக் கதவோரம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

பாட்டில் தலைவன் தூது அனுப்புவான். சிவபாதசுந்தரம் பாட்டுப் படிக்காமலே அதைச் சரியாகச் செய்தார். முதலில் தங்கையா வந்தார். "அம்மா, ஐயா பாவமுங்க, ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருக்காரு."

"தூது ஏற்கேல்ல எண்டு சொல்லுங்கோ."

"லிஃப்டெல்லாம் கறி வாசம் வருதுன்னு ரெண்டாம் மாடியில சொல்றாங்க, அம்மா."

"அதையும் அவரிட்டையே சொல்லுங்கோ."

அடுத்து ஷிம்னா. "ஆன்ட்டி, அங்கிள் மன்னிப்புக் கேக்கிறாரு. நபீஸ் நானா உங்களுக்கும் ஒரு பார்சல் குடுத்தீக்கிறாரு." உள்ளே கதிரை இன்னும் கொஞ்சம் கதவோரம் நகர்ந்தது. கடைசியில் ஐந்தாம் மாடியிலிருந்து சரோஜினிதேவியே இறங்கி வந்துவிட்டார். தான் வாய்விட்டுச் சொன்ன சொல் பலித்துவிட்டதென்று அவருக்குக் கவலை. "யோகேஸ், நான் கோபத்தில சொன்னதை மனசில வைச்சிருக்காதையும். வேணுமெண்டால் பாலையை நாங்களே வைச்சிருக்கிறம். நீர் கதவைத் திறவும்." யோகேஸ்வரி உள்ளே இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று தூது! இவ்வளவு சிறப்பாக எந்தத் தலைவிக்கு நடந்தது?

ஆனால் ஒரு குறை இருந்தது. அதை வாய்விட்டே சொன்னாள். "மற்றவையை அனுப்பினது காணும். கதவு திறக்க வேணுமெண்டால் நீங்களே சொல்லுங்கோ. மன்னிப்பு வேண்டாம். அங்கை யன்னலால என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்கோ. பாட்டில வாற மாதிரி."

சிவபாதசுந்தரம் தன் வாழ்நாளில் எழுதியதெல்லாம் குழாய் அளவுகள். தொண்டையைச் செருமினார்.

"எதிர்க் கட்டடத்து ஏ.சி. பெட்டியில ரெண்டு புறா இருக்கு."

"ம்."

"ஒண்டு உள்ளுக்கு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில. மற்றது வெளியில, விளிம்பில நிக்குது. மழை தூறுது."

"ம். பிறகு?"

"வெளியில நிக்கிறதுக்கு முழங்கால் நோகுது."

ஷிம்னா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தங்கையா மட்டும் யன்னலால் எட்டி, அந்தப் புறாவின் காலை அக்கறையாகப் பார்த்தார்.

"உள்ளுக்கு இருக்கிறது என்ன செய்யுது?" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

சிவபாதசுந்தரம் யன்னலுக்குக் கிட்டப் போனார். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது கடலைப் பாக்குது" என்றார் பிறகு. "ஆத்தைப் பாக்குது. தூரத்தில போற எல்லாப் பறவையையும் பாக்குது. வெளியில நிக்கிறதைத்தான் பாக்கிறதில்லை. அது எத்தனை வருசமாப் பக்கத்திலதான் நிக்குது. சாப்பிட்டியோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தால், என்ன சாப்பிட்டது எண்டு அது சொல்லியிருக்கும்."

யோகேஸ்வரி கதிரையிலிருந்து எழும்பி நின்றிருந்தாள். ஆயிரம் பாட்டுகளில் ஆயிரம் பெண்களுக்குச் சொன்னதையெல்லாம் தோண்டித் தோண்டி எடுத்தவள். தனக்கென்று ஒருவர் சொன்னதைக் கேட்டது இதுதான் முதல் தரம். இதில் தோண்ட ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் மேலேயே கிடந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கொண்டியை எடுத்தாள். வாசலில் ஒரு வயதான மனிதர் நின்றார். சேர்ட்டில் கறி தெறித்திருந்தது. ஒரு காலைத் தளர்த்தி மற்றக் காலில் பாரம் போட்டு நின்றார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டதே, இது எப்போது? அவர் கண்ணாடியின் ஒரு பக்கத்துத் திருகாணி கழன்று, நூலால் கட்டியிருந்தது. அதுவும் எப்போதென்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டடத்தில் பாதிப் பேர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "சாப்பிட்டியளே?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டியள்?"

சிவபாதசுந்தரம் நிமிர்ந்து நின்றார். ஐந்து நிலத்துச் சனமும் கேட்கத்தக்கதாக, "குடல்" என்றார்.